சுடுதண்ணித் துரைக்கு வாசித்த பிரிவுபசாரம்

இன்றோடு வேலையை விட்டுப் போகிற எனக்குச் சற்றுமுன் வாசித்துக் கொடுத்த பிரிவுபசாரப் பத்திரத்தைக் கேட்டபோது உடம்பெல்லாம் கூசிப் போனது. 'தங்கள் பிரிவால் எங்கள் நெஞ்சங்களில் நேரவிருக்கும் வெற்றிடத்தை நிரப்ப இயலாமை குறித்து எமது ஆழ்ந்த வேதனையைப் பதிவு செய்துகொள்ள விழைகிறோம்.' வாசித்த பிள்ளைக்கு இரண்டு இடத்தில் மூச்சு முட்டியது. பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வாக்கியத்தை எழுதியவனே நான்தான். நீங்களெல்லாம் பிறப்பதற்கு முன்னால், ரங்கூனை விட்டுப் போன ஏதோ ஒரு போஸ்ட்மாஸ்டருக்காக எழுதினேன். அன்றிலிருந்து இந்த அச்சுக்கூடத்தில் யார் ஊரைவிட்டுப் போனாலும் அதே வெற்றிடம், அதே வேதனை. பெயரை மட்டும் மாற்றிக் கோர்ப்பார்கள்.

புதிதாய் வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை அனுபவம் சொல்லுங்கள் என்கிறார் மேனேஜர். எழுத்துக் கோர்ப்பதும் பிழை பார்ப்பதும் நான் சொல்லப் போவதில்லை. அதற்கு ஃபோர்மேன் இருக்கிறார், அவருக்கு வாயும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது நம்மவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு வியாதியைப் பற்றி. அக்கரையிலிருந்து வந்தவன் ரங்கூனில் ஆறு மாதம் இருந்தால் போதும், அவன் எழுதுகிற தமிழுக்கு யாராவது ஒரு ஜோடி கால்சட்டையை மாட்டிவிடுகிறார்கள். வாயால் பேசும்போது ஊர்க்காரனாகத்தான் பேசுவான். பேனாவைத் தொட்டதும் கம்பெனி ஆபீஸ் ஹெட் கிளார்க் ஆகிவிடுவான்.

அந்தக் கால்சட்டை தைத்த தையற்காரர்களில் நானும் ஒருவன். அப்போது நம் அச்சுக்கூடம் லத்தா பேட்டையில், சீனக் கடைகளுக்கு நடுவே இருந்தது. எனக்கு ரைட்டர் உத்தியோகம். பத்திரங்களைத் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதுவதும், மொழிபெயர்ப்பதும் என் வேலை. இங்கிலீஷ் ஆபீஸ் கடிதங்களைப் பார்த்து, 'கடித மாதிரிகள்' என்று ஒரு புத்தகம் போட்டேன். தகப்பனுக்கு, மாமனாருக்கு, மனைவிக்கு, கடன் கொடுத்தவனுக்கு என்று எல்லாருக்கும் அதில் மாதிரி உண்டு. எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். 'தங்கள் கடிதம் வரப்பெற்றோம். அதில் கண்ட விஷயங்கள் கவனிக்கப்பட்டன.' மில்லிலும் ரயிலடியிலும் அந்தப் புத்தகம் சுடச்சுட விற்றது. அதைப் பார்த்து எழுதாதவனை எழுதத் தெரியாதவன் என்றே சொன்னார்கள். எனக்கோ தலைகால் புரியவில்லை.

இந்த வியாதி நமக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பளிங்குத் துரையைப் பார்த்த பிறகுதான், கடல் தாண்டியவன் எவனுக்கும் இது தொற்றும் என்று தெரிந்தது. அவர் ஒரு இத்தாலிக்காரர். வெள்ளைக்காரர்களின் கல்லறைக் கற்களும் பெயர்க் கற்களும் செதுக்குகிற பட்டறை வைத்திருந்தார். கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை நம் அச்சுக்கூடத்தில்தான் எழுதி வாங்குவார். ஒருநாள் வந்து, நெற்றியில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரைட்டர், என் தம்பி ஆட்டை விற்றுவிட்டான்" என்றார்.

எதற்கு என்றேன். ஊரில் இருக்கிற தம்பிக்கு அவர் மாதம் தவறாமல் கடிதம் எழுதுவாராம். பல வருஷம் இங்கிலீஷ்காரர்களுக்கே பில்லும் கடிதமும் எழுதிப் பழகியதில், தம்பிக்கு எழுதுகிற இத்தாலி பாஷையிலும் எதற்கெடுத்தாலும் 'இறைஞ்சுகிறேன்' என்கிற அந்த இங்கிலீஷ் பழக்கம் வந்துவிட்டது. 'நான் நலமாக இருக்கிறேன் என்று தெரிவிக்க இறைஞ்சுகிறேன். மழை அதிகம் என்று சொல்ல இறைஞ்சுகிறேன்.' தம்பி குடியானவன். அண்ணன் பக்கத்துக்குப் பக்கம் இறைஞ்சுகிறானே, சோற்றுக்கு வழியில்லை போலிருக்கிறது என்று ஆட்டை விற்றுப் பணம் அனுப்பிவிட்டான். கூடவே ஒரு வரி: 'அண்ணா, கெஞ்ச வேண்டாம், வீட்டுக்கு வந்துவிடு.'

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சிரிப்புக்கு எனக்குச் சீக்கிரமே கூலி கிடைத்தது.

ஆற்றங்கரையில் ஒரு பெரிய அரிசி மில். அதன் மேனேஜருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் சுடுதண்ணித் துரை. எப்போது பார்த்தாலும் கொதித்துக்கொண்டே இருப்பார், பக்கத்தில் போனவன் மேல் தெறிக்கும். அவர் போட்ட சட்டங்களிலேயே பொல்லாதது ஒன்று உண்டு. மில் தொழிலாளிகள் குடியிருக்கிற லயன்களில் பெண்பிள்ளை தங்கக் கூடாது. மனைவியைக் கூட்டி வந்து வைத்தால் சீட்டைக் கிழித்து அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார். பெண்கள் வந்தால் வேலை கெட்டுவிடுமாம்.

அந்தச் சுடுதண்ணித் துரைக்கு மாற்றல் வந்துவிட்டது, சீமைக்கே போகிறார் என்று ஒருநாள் சேதி பரவியது. அடுத்து வருகிறவர் மோல்மீன் மில்லில் குடும்பங்களைத் தங்க விட்டவர் என்றும் கூடவே சொன்னார்கள். லயனில் அன்று பாயசம் வைத்தார்கள் என்றால் பாருங்கள். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற ஃபிட்டர் மாரிமுத்து என்கிற தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஓட்டமாய் ஓடி வந்தான்.

"ரைட்டரய்யா, ஊட்டுக்காரிக்குக் கடுதாசி போட்டுட்டேன். புள்ளையத் தூக்கிக்கிட்டு உடனே கப்பலேறி வந்துடுன்னுட்டேன். உங்க பொஸ்தகத்தப் பாத்துத்தான் எழுதினேன், ஒரு எழுத்துப் பெசகல!"

அந்தப் பெண் குழந்தையின் முகத்தை அவன் இன்னும் பார்க்கவில்லை. இவன் வந்த பிறகு பிறந்தது. அவனுக்கு அன்று தரையில் கால் பாவவில்லை.

பிறகு மில் தொழிலாளர் சங்கத்தார் என்னிடம் வந்தார்கள். துரைக்குப் பிரிவுபசாரப் பத்திரம் வாசிக்க வேண்டும், மில் சுவரில் அவர் பெயரில் ஒரு பளிங்குக் கல்லும் பதிக்க வேண்டும். இவ்வளவு திட்டித் தீர்த்த ஆளுக்கு எதற்கடா இதெல்லாம் என்று கேட்கிறீர்களா? அதுதான் ரங்கூன் வழக்கம். போகிற துரையை வெறும் கையோடு அனுப்பினால், வருகிற துரை, 'இவர்கள் நன்றி கெட்டவர்கள், நாளைக்கு எனக்கும் இதுதான் கதி' என்று முதல் நாளே முறைப்பார். அதனால் நல்லவனுக்கு ஒரு பத்திரம், கெட்டவனுக்கு அதைவிடப் பெரிய பத்திரம். இந்த முறை சந்தோஷம் வேறு சேர்ந்துகொண்டது. போகிறானே என்கிற ஆனந்தத்தில், "நல்லா அழுத்தமா எழுதுங்கய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அழுத்தமாகவே எழுதினேன். இங்கிலீஷ் பத்திரங்களில் கடைசியில் ஒரு வரி வரும், அதையும் விடாமல் தமிழாக்கிச் சேர்த்தேன். 'தங்கள் பிரிவு ஒத்திவைக்கப்படுமாயின் அதனினும் மேலான பாக்கியம் எமக்கு வேறில்லை என்பதைக் கம்பெனியாரின் மேலான கவனத்துக்குக் கொண்டுவர இறைஞ்சுகிறோம்.' இது பத்திரத்துக்குச் சரிகைக் கரை மாதிரி. கரையை யாராவது வாசிப்பார்களா?

வாசித்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் மில் முற்றத்தில் கூட்டம். கல்கத்தாவிலிருந்து கம்பெனியின் பெரிய துரை வந்து நடுநாயகமாய் உட்கார்ந்திருந்தார். நான் தமிழில் வாசித்து, இங்கிலீஷிலும் வாசித்து முடித்தேன். சுடுதண்ணித் துரை எழுந்து பதில் சொன்னார். அவரும் இங்கிலீஷ்காரர் அல்லவா, மரபு விடுமா? 'இந்த அன்பு நெஞ்சங்களோடு என்றென்றும் இருப்பதைவிட எனக்கு இன்பம் வேறில்லை' என்றார். எல்லோரும் கைதட்டினோம். அத்தோடு முடிந்திருக்க வேண்டியது.

பெரிய துரை எழுந்தார். புது மேனேஜரைக் கொண்டுவருகிற செலவும் தொல்லையும் மிச்சம் என்கிற கணக்கு அவர் கண்ணில் தெரிந்தது என்று எனக்குப் பிற்பாடு உறைத்தது. "இவ்வளவு பாசமுள்ள இரு தரப்பையும் பிரிக்கக் கம்பெனிக்கு இதயமில்லையா என்ன? உங்கள் இறைஞ்சுதலுக்குச் செவி சாய்க்கிறேன். உங்கள் மேனேஜர் இன்னும் மூன்று வருஷம் இங்கேயே இருப்பார்!"

அதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். ஒருவழியாகச் சொன்னேன். பிறகு முன்வரிசையில் ஒருவன் கைதட்டினான். தட்டாவிட்டால் துரை பார்ப்பாரே! உடனே எல்லோரும் தட்டினார்கள். மாரிமுத்துவும் தட்டினான். அவன் உதடு மட்டும் கோணிக்கொண்டு போனது. அவன் மனைவி ஏறிய கப்பல் அதற்குள் நாகப்பட்டினத்தை விட்டுப் புறப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ரங்கூன் வந்து சேரும்.

திங்கட்கிழமை காலையில் அச்சுக்கூடத்தைத் திறக்கும்போதே வாசலில் நின்றான்.

"அய்யா, நீங்க எழுதினதுதானே. நீங்களே திருப்பி எழுதுங்க."

"எப்படிப்பா திருப்பி எழுதுறது? முந்தாநேத்துச் சொன்னதெல்லாம் பொய்னா?"

"எனக்குத் தெரியாதுய்யா. அவ கைப்புள்ளையோட வந்து எறங்குவா. நான் எங்க கொண்டுபோயி வப்பேன்? லயன்ல வச்சா வேல போச்சு. வேல போனா லயனும் போச்சு. திரும்பிப் போற கப்பலுக்கும் வழியில்ல."

பத்திரம் பொய் என்று எழுதினால் சங்கம் முழுவதையும் வெளியே தள்ளுவார்கள். பேசாமல் இருந்தால் இவன் நடுத்தெருவில் நிற்பான். சரி, முதலில் அந்தப் பளிங்குக் கல்லையாவது நிறுத்துவோம், போகாத ஆளுக்குக் கல் எதற்கு என்று அவனையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன்.

கல் முடிந்து, மெருகேறி, சுவரில் சாய்ந்திருந்தது. சுடுதண்ணித் துரையின் பெயர், அவர் வந்த வருஷம், அதற்கு எதிரே அவர் போகிற வருஷம், கீழே என் அழகான வாசகம். இத்தாலிக்காரர் கையை விரித்தார். "வெட்டினது வெட்டினதுதான், ரைட்டர். காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் இறைஞ்சலாம். கல்லில் அழிக்க முடியாது."

அப்போது வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. உள்ளே வந்தவர் சாட்சாத் சுடுதண்ணித் துரையேதான். எங்களைக் கவனிக்காமல் நேரே கல்லின் முன்னால் போய் நின்றார். அதையே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி கேட்டார்: "அந்தப் பாழாய்ப்போன பத்திரத்தை எந்த முட்டாள் எழுதினான்?"

இத்தாலிக்காரர் மிகுந்த மரியாதையோடு என்னைச் சுட்டிக் காட்டினார். சிநேகம் என்றால் அதுதான் சிநேகம்!

துரை என் பக்கம் திரும்பினார். நான் அடி விழுமென்று எதிர்பார்த்தேன். அவர் குரல் உடைந்து வந்தது. "உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்? வியாழக்கிழமைக் கப்பலில் எனக்கு இடம் போட்டாயிற்று. இந்த ஊர்ச் சூடு ஆகாது என்று என் மனைவி சீமைக்குப் போய் இரண்டு வருஷமாகிறது. வருகிறேன் என்று தந்தி கொடுத்துவிட்டேன். இப்போது நான் என்ன சொல்ல?"

"துரை, நீங்கள்தான் இருப்பதைவிட இன்பம் இல்லை என்று..."

"அது பேச்சு! அப்படித்தான் பேச வேண்டும்!" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் போக வேண்டும். அவருக்கும் போக வேண்டும். எல்லோருமாய்ச் சேர்ந்து, அலங்காரமான வார்த்தைகளாலேயே அவரை இங்கே கட்டிப்போட்டுவிட்டோம்.

மாரிமுத்துவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் துரையின் முகத்தைப் பார்த்தவனுக்கு என்ன தோன்றியதோ, சட்டென்று முன்னால் வந்தான். "அய்யா, அவருகிட்டச் சொல்லுங்க. எம்பொண்டாட்டி கப்பல்ல வந்துகிட்டிருக்கான்னு சொல்லுங்க."

"டேய், சும்மா இருடா! வாயக் குடுத்து மாட்டிக்காத."

"சொல்லுங்கய்யா."

தம்பிகளா, என் உத்தியோகத்தில் இக்கட்டான நேரம் என்றால் அதுதான். சொன்னால் இவனே தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும், அங்கேயே சீட்டுக் கிழியும். சொல்லாவிட்டால் இதற்கு மேல் வேறு சந்தர்ப்பம் வராது. என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக வந்து நின்றது. 'மேற்படி ஃபிட்டரின் குடும்ப நிலவரம் சம்பந்தமாய்த் தங்கள் கருணைமிக்க கவனத்துக்கு...' அதை அப்படியே விழுங்கினேன். "துரை, இவன் மனைவி கைக்குழந்தையோடு கடலில் வந்துகொண்டிருக்கிறாள்" என்றேன். அவ்வளவுதான். அத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் இறைஞ்சாமல் சொன்ன முதல் இங்கிலீஷ் அதுதான்.

துரை அவனையே பார்த்தார். முகம் வழக்கம்போல் சிவந்தது. போச்சு என்று நினைத்தேன்.

"எப்போது வருகிறாள்?"

"வெள்ளிக்கிழமை."

அவர் திரும்பிக் கல்லைப் பார்த்தார். போகிற வருஷம் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு இத்தாலிக்காரரிடம், "இதை எவ்வளவு சீக்கிரம் சுவரில் பதிக்க முடியும்?" என்று கேட்டார்.

"நாளைக்கே பதிக்கலாம் என்று தெரிவிக்க இறைஞ்சுகிறேன்" என்றார் அவர்.

கல்கத்தாத் துரை புதன்கிழமை ஊருக்குத் திரும்ப இருந்தார். செவ்வாய்க்கிழமை அவரையே கூப்பிட்டுக் கல் திறப்பு விழா வைத்தோம். திரையை விலக்கியவர் வாசித்தார், போகிற வருஷத்தில் வந்து நின்றார். சுடுதண்ணித் துரை தலையைக் குனிந்துகொண்டு, "தொழிலாளிகள் ஆசையாய்ச் செய்துவிட்டார்கள். மாற்ற வேண்டுமானால் கம்பெனி புதுக் கல்தான் வாங்க வேண்டும்" என்றார். இத்தாலிக்காரர் பக்கத்திலேயே நின்று விலையைச் சொன்னார். கொஞ்சம் கூட்டியே சொன்னார். மேனேஜர்கள் சீமைக்கும் ரங்கூனுக்கும் அலைவதைப் பொறுத்துக்கொள்கிற கம்பெனி, ஒரு நல்ல பளிங்குக் கல் வீணாவதைப் பொறுக்குமா? சரி, போகட்டும் என்றார் பெரிய துரை; மோல்மீன்காரருக்கு அப்போதே தந்தி போனது.

வியாழக்கிழமை சுடுதண்ணித் துரை கப்பலேறினார். மில்லே கப்பல்துறைக்கு வந்திருந்தது. மாலை போட்டார்கள், கும்பிட்டார்கள். 'போயிட்டு வாங்க' என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்த 'வாங்க'வில் இருக்கிற ஆபத்து அதற்குள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. "போங்க தொரை, போங்க" என்று மனசார வழியனுப்பினார்கள். ஏணியில் கால் வைக்குமுன் அவர் மாரிமுத்துவைத் தேடிப் பிடித்து, கையைக் குலுக்கிவிட்டுப் போனார். அவர் போட்ட சட்டத்தை அவராக எடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை அன்று சாயங்காலமே வந்து சேர்ந்த மோல்மீன்காரர்தான் எடுத்தார்.

மறுநாள் மாரிமுத்துவோடு நானும் கப்பல்துறைக்குப் போனேன். எல்லாம் என் சாமர்த்தியம் என்கிற நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். கூட்டத்தில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். பெயர் அஞ்சலை. புருஷனைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று நினைத்தேன். அவள் நின்ற இடத்திலேயே நின்று, அவனை மேலும் கீழும் பார்த்தாள். கிட்டே வந்து அவன் கையைத் தொட்டாள். தோளைத் தொட்டாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"என்னாடி ஆச்சு? ஏன் அழுவுற?" அவன் பதறிப்போனான்.

"உசுரோடதான் இருக்கியா நீ? பின்ன யாருய்யா அந்தக் கடுதாசியெல்லாம் எழுதினது?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, தபால்காரர் வாசித்துக் காட்டியதாம். குழந்தை பிறந்ததற்கு அவன் எழுதியது: 'பெண் குழந்தை நல்ல நிலையில் வந்து சேர்ந்த விவரம் பெற்றுக்கொள்ளப்பட்டது.' கடைசியாக எழுதியது: 'முதல் கப்பலில் புறப்பட்டு வருமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறாய். இப்படிக்கு, என்றும் கீழ்ப்படிதலுள்ள, மாரிமுத்து.'

"என் புருஷன் இப்படியா பேசுவாரு? புள்ள கறுப்பா செவப்பான்னு கேக்கமாட்டாரா? மெசின்ல மாட்டிச் செத்துட்டாரு, கம்பெனிக்காரன் அத மறைச்சுக்கிட்டு எழுதுறான்னு எங்கம்மா சொல்லிச்சு. நானும் அப்புடித்தான் நெனச்சேன். ஒரு வருசமா நெனச்சேன். இங்க வந்து கேட்டுட்டுத் தாலிய கழட்டலாம்னுதான் கப்பலேறினேன்."

மாரிமுத்து என்னைப் பார்த்தான். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "கறுப்புத்தான். என்னய மாதிரி" என்றான். எனக்கு அங்கேயே ஆற்றில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

அந்தப் புத்தகத்தை நான் மறுபடி அச்சுப் போடவில்லை. ஆனால் விற்றுப் போனவை இன்னும் எந்தெந்த வீட்டில் கிடந்து யார் யாரை அழவைக்கின்றனவோ. இங்கே அலமாரியில்கூட ஒன்று இருக்கிறது போலிருக்கிறது, இன்று வாசித்த பத்திரத்தைக் கேட்டால் தெரிகிறது. அதனால் சொல்கிறேன். உங்களிடம் ஒருவன் வந்து எழுதிக் கொடுங்கள் என்றால், அவனுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேளுங்கள். அவன் வாயால் சொன்னதை அப்படியே எழுத உங்களுக்கு வெட்கமாக இருந்தால், அந்த வெட்கத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்கிறார். என் பிரிவு ஒத்திவைக்கப்பட்டால் அதைவிடப் பாக்கியம் வேறில்லை என்று சற்றுமுன் இந்தப் பத்திரத்தில் இறைஞ்சியிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்டது மேனேஜர்தான். நான் கிழவன், எழுத்தில் இருப்பதை நம்புகிறவன். அப்படியானால் நாளைக் காலையில் வழக்கம்போல் வந்து என் மேஜையில் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஏன் சார், முகம் இப்படி வெளுத்துவிட்டது?

பார்த்தீர்களா பிள்ளைகளே! பயப்படாதீர்கள், வரமாட்டேன். அந்தக் கண்ணாடிச் சட்டம் போட்ட பத்திரம் உங்களிடமே இருக்கட்டும். என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, 'போயிட்டு வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். எனக்கு அது போதும்.